தூணுக்குப் பின்னால் ஒரு சீட்

போன மார்கழியில் ஒரு போன் வந்தது.

"சார், நீங்க காரைக்குடிதானே?"

"ஆமாம். பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான்."

"வாவ்! ஃபென்டாஸ்டிக்!"

காரைக்குடியில் பிறந்ததற்காக அதுவரை என்னை யாரும் பாராட்டியதில்லை. நான் முயற்சி எடுத்துச் செய்த காரியமும் இல்லை அது. இருந்தாலும் பெருந்தன்மையாக ஒரு 'தேங்க்ஸ்' சொல்லி வைத்தேன்.

பேசியது ஒரு பெரிய கம்பெனியின் ஹெச்.ஆர். அம்மணி. "எங்க லீடர்ஷிப் டீம் முப்பது பேர் ஆஃப்சைட் வர்றோம் சார். உங்க ஊர்ப் பக்கத்துல ஒரு ஹெரிடேஜ் மேன்ஷன் புக் பண்ணியிருக்கோம். 'செட்டிநாட்டு மேனேஜ்மென்ட் ரகசியங்கள்'னு நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும். கொஞ்சம் ஃபன்னா, கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா."

ஆஃப்சைட் தெரியாதவர்களுக்காக: ஆபீஸில் நடத்தும் அதே மீட்டிங்கை, ஆபீஸில் இல்லாமல், அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டு நடத்துவது.

"மேடம், நான் நகரத்தார் இல்லை. ரகசியம் எல்லாம் எனக்குத் தெரியாது."

"பரவால்ல சார். லோக்கல்தானே?"

இந்தக் காலத்தில் நிபுணர் ஆவதற்கு லோக்கலாக இருந்தால் போதும்.

ஆனால், அவரிடம் சொல்லாத ஒரு சம்பந்தம் எனக்கு உண்டு. என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 1929-ல் பதினாலு வயசில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து பர்மாவுக்குக் கப்பல் ஏறியவர். நான் பத்தாவது படிக்கும்வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் பர்மாவைத்தான் தினமும் கேட்டேன். இன்னொரு சம்பந்தமும் உண்டு. 2006-லிருந்து 2009 வரை நானும் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். சரியாக மூன்று வருஷம். ஐயாவின் பாஷையில் 'ஒரு கணக்கு'.

ஒத்துக்கொண்டேன்.

---

என் கம்பெனி வாழ்க்கையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பி.காம். முடித்து, சில வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சருக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, அப்பத்தா பிள்ளையார்பட்டிக்கு நடந்துபோய்த் தேங்காய் உடைத்தாள். "பேரனுக்கு என்ன உத்தியோகம்?" என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. என் பதவியின் பெயர் ஒன்றரை வரி நீளம். அதில் அசோசியேட், சீனியர், ஃபைனான்ஸ், டிரான்ஸ்ஃபர்மேஷன் எல்லாம் இருந்தன. வேலை என்ன என்பதுதான் இல்லை.

எங்கள் மாடியில் முந்நூறு பேர். நடுவில் ஒரு பெரிய தூண். எனக்கு அந்தத் தூணுக்குப் பின்னால் சீட். நான் இருப்பது மேனேஜருக்குத் தெரியாது, அவர் இருப்பது எனக்குத் தெரியாது. அன்யோன்யமான உறவு.

சேர்ந்து ஆறு மாதத்தில் அப்ரைசல். மேனேஜர் ஒரு படிவத்தைப் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "உங்க ஒர்க் ஓ.கே. ஆனா விசிபிலிட்டி கம்மி."

"சார், நான் தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கேன்."

"பாருங்க, எக்ஸ்க்யூஸ் சொல்லக் கூடாது."

விசிபிலிட்டியை வளர்க்க நான் மீட்டிங்குகளுக்குப் போகத் தொடங்கினேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மீட்டிங். அதில் என்ன பேசலாம் என்று முடிவுசெய்ய ஒன்பதரைக்கு ஒரு மீட்டிங். பத்து மணி மீட்டிங்கில் பேசி முடிக்காததைப் பேசப் பதினொன்றுக்கு ஒன்று. அங்கே யாராவது உருப்படியாகக் கேள்வி கேட்டால், "இதை ஆஃப்லைன்ல பேசலாம்" என்பார்கள். அப்படி ஆஃப்லைனுக்குப் போன கேள்விகள் எல்லாம் இன்னும் எங்கோ ஓர் இருட்டறையில் குந்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு சார் இருந்தார். வயசு ஐம்பத்திரண்டு. பழைய கம்பெனி ஒன்றை எங்கள் கம்பெனி வாங்கியபோது, மேஜை நாற்காலியோடு சேர்ந்து வந்தவர். மீட்டிங்குக்குப் போக மாட்டார். "அங்கே டெபிட்டும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. நமக்கு என்ன வேலை?" என்பார். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், மொத்த மாடியும் அவரிடம்தான் வரும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். புத்தகத்தில் படித்த அந்த விதியை, நிஜமாகவே ஒருவர் உபயோகிப்பதை அவரிடம்தான் பார்த்தேன். எக்செல்லில் எனக்குத் தெரிந்தது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. தினமும் டிபன் பாக்ஸில் தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். பாதி எனக்கு.

"சம்பளம் சம்பந்தப்பட்ட எந்த ஃபைலுக்கும் பாஸ்வேர்டு போடாம எழுந்திருக்காதே" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஆஃப்சைட் அன்று காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டைச் சின்ன வயசில் வெளியே நின்று பார்த்திருக்கிறேன். முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள். உள்ளே வளவு முழுக்க ஆத்தங்குடிக் கல். சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, கை வைத்தால் வழுக்கும். ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்த வீடு.

இப்போது வளவில் முப்பது பேர் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஃபெசிலிட்டேட்டர், "நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் என்ன மிருகமாக இருப்பீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினொரு பேர் சிங்கம். ஆறு பேர் கழுகு. ஃபைனான்ஸ் ஹெட் மட்டும் யோசித்து, "ஆமை" என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்து 'டிரஸ்ட் ஃபால்'. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்பவர் பிடிக்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வயசான அண்ணன் ஒருவர் என்னிடம் மெதுவாக வந்து, "தம்பி, இவுகளுக்கு என்ன செய்யுது? ஆரும் தாங்கிப் பிடிக்கலேன்னா மண்டை கல்லுல படுமே" என்றார்.

"ஒருத்தர ஒருத்தர் நம்புறாங்களான்னு பாக்குறாங்கண்ணே."

"அதுக்கு எதுக்குத்தா விழுகணும்? கடன் குடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிபோகுது."

செட்டிநாட்டு மேனேஜ்மென்ட் ரகசியம் அதோடு முடிந்துவிட்டது. நான் பேசத் தேவையே இல்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டாயிற்றே, பேசினேன்.

---

"நீங்கள் எல்லாரும் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்காரர்களைப் போன்றவர்களும் அப்படித்தான். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். கடை ரங்கூனில், சைகோனில், பினாங்கில், கொழும்பில். நடுவில் கடல். போன் இல்லை. ஈமெயில் இல்லை. தந்தி உண்டு, காசு ஆகும். மாசா மாசம் கப்பலில் வரும் கணக்குதான் எல்லாமே. 1929-30-ல் பர்மாவில் வங்கித் தொழிலை விசாரித்த கமிட்டி, அங்கே மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகக் கணக்கிட்டது."

நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எண் சொன்னால் கார்ப்பரேட்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"ஒரு கடைக்கு எத்தனை பேர் தெரியுமா? நாலைந்து பேர்! மேலாள் என்பவர் ஏஜென்ட். உங்கள் பாஷையில் கன்ட்ரி ஹெட். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். பதவிப் பெயரிலேயே சக்சஷன் பிளானிங் முடிந்துவிட்டது. பணப்பெட்டி பக்கத்தில் உட்காருபவன் பெட்டியடிப் பையன், மேனேஜ்மென்ட் டிரெய்னி. என் ஐயா அதுதான். விடியற்காலையில் கடையைப் பெருக்கி, பாய் விரித்து, வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வைத்து, அப்புறம் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். நாலாவது ஆள் சமையலாள். நாலு பேரில் முக்கியமானவர் அவர்தான்."

சிரித்தார்கள்.

"வெளிநாட்டுத் தொழிலுக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். ஒரு தவணை மூன்று வருஷம். சம்பளத்தை முன்னாலேயே பேசி எழுதிக்கொள்வார்கள். அதில் ஒரு பகுதி கிளம்பும்போதே குடும்பத்துக்கு வந்துவிடும். மேலாளுக்கு லாபத்திலும் பங்கு. மூன்று வருஷம் முடிந்தால் அடுத்து வருபவரிடம் பெட்டி, பேரேடு, பாக்கிப் பட்டியல் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வர வேண்டும். விசிபிலிட்டி என்ற வார்த்தை கிடையாது. ஆளே கண்ணுக்குத் தெரிய மாட்டார், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். ஐந்தொகை தெரியும். அது போதும்."

ஃபைனான்ஸ் ஆமை தலையை ஆட்டியது.

"ஓப்பன் ஆபீஸ் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கிகள் என்று இருந்தன. நீளமான கூடம். தடுப்பே கிடையாது. ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒரு பாய், ஒரு சாய்வுமேஜை, ஒரு பெட்டகம். பகலில் அங்கேயே தொழில், ராத்திரி அங்கேயே தூக்கம். ஒர்க் ஃப்ரம் ஹோமும் ஆயிற்று, ஒர்க் ஃப்ரம் ஆபீஸும் ஆயிற்று. கம்யூட்டிங் டைம், பாயைச் சுருட்டும் நேரம்."

"அதே சிங்கப்பூரில்தான் 1950-களில் பார்க்கின்சன் என்ற சரித்திரப் பேராசிரியர் இருந்தார். 'வேலை, அதற்குக் கொடுத்த நேரம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும்' என்ற விதியை 1955-ல் 'எகானமிஸ்ட்' பத்திரிகையில் எழுதினாரே, அவர்தான். 1914-ல் பிரிட்டிஷ் கடற்படையில் 62 பெரிய போர்க்கப்பல்கள், 1928-ல் இருபதுதான். ஆனால் அதே காலத்தில் கடற்படைத் தலைமை ஆபீஸில் அதிகாரிகள் 2,000-லிருந்து 3,569 ஆகிவிட்டார்கள் என்று கணக்குக் காட்டினார். கப்பல் குறையக் குறைய அதிகாரி கூடுகிறார்! அவர் ஒருநாள் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் வந்து கிட்டங்கியில் உட்கார்ந்து பார்த்திருந்தால், தன் விதிக்கு ஒரு விதிவிலக்கும் எழுதியிருப்பார்."

கை தட்டினார்கள். எனக்கும் சூடு பிடித்துவிட்டது. 1937 பிப்ரவரி 10-ம் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, சென்னை, ரங்கூன், காரைக்குடி என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவைத் திறந்ததைச் சொன்னேன். லாபத்தில் கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்துவைக்கும் மகமையைச் சொன்னேன். "2013 கம்பெனிச் சட்டம் 'இரண்டு சதவீதம் கொடு' என்று சொன்ன பிறகு நாம் சி.எஸ்.ஆர். என்கிறோம். இவர்கள் சட்டம் வருவதற்கு முன்னாலேயே பேரேட்டில் அதற்கு ஒரு பக்கம் வைத்திருந்தார்கள்" என்றேன். அதற்கும் கைதட்டல்.

பக்கத்து ஊர் சிங்கம்புணரிக்காரர் ப.சிங்காரத்தையும் விடவில்லை. 1938-ல் சின்னப் பையனாக இந்தோனேஷியாவின் மேடானுக்குக் கடை வேலைக்குப் போனவர், பின்னால் மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தவர். அவருடைய 'கடலுக்கு அப்பால்' நாவலில் வட்டிக்கடைப் பையன் நேதாஜி படையில் சேர்ந்து போரெல்லாம் பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்புகிறான். முதலாளிக்கு அவன் தைரியம் பிடிக்கவில்லை. துப்பாக்கி பிடித்தவன் கடைக்குச் சரிப்படமாட்டான் என்பது அவர் அப்ரைசல். "ஓவர் குவாலிஃபைடு" என்றேன். சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

இருபது நிமிஷம் முடிந்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். "எனி கொஸ்டின்ஸ்?" என்றார் ஃபெசிலிட்டேட்டர்.

கடைசி வரிசையில், ஒரு தேக்குத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான். முப்பது வயசு இருக்கும்.

"சார், அப்பவும் மந்தம் வந்திருக்குமில்ல? அப்ப ஆளைக் குறைச்சாங்களா? எப்படிக் குறைச்சாங்க?"

வளவு சட்டென்று அமைதியாகிவிட்டது. ஹெச்.ஆர். அம்மணி குனிந்து ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டைப் பார்க்கத் தொடங்கினார். இந்த ஆஃப்சைட் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

---

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. 2009 தொடக்கத்தில் எங்கள் மாடியில் காபி மெஷினில் பால் நின்றது. பிறகு பிஸ்கட் நின்றது. பிறகு, 'ரைட்சைசிங்' என்ற வார்த்தை வந்தது.

டவுன்சைசிங் என்று சொல்லக் கூடாதாம். ரைட்சைசிங். அதாவது, இத்தனை நாள் நாம் தப்பான சைஸில் இருந்திருக்கிறோம்.

பெல் கர்வ் என்று ஒன்று உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய முறை: ஊழியர்களில் மேலே இருபது சதவீதம், நடுவில் எழுபது, கீழே பத்து. கீழே பத்து வீட்டுக்கு. மைக்ரோசாஃப்ட் மாதிரி கம்பெனிகளே 2013-ல் இப்படி வரிசைப்படுத்துவதைக் கைவிட்டுவிட்டன. ஆனால் 2009-ல் அது வேதம்.

ஒரு மாலை மேனேஜர் தூணைச் சுற்றி என் சீட்டுக்கே வந்தார். மூன்று வருஷத்தில் முதல்முறை. "எக்செல்ல நீங்க ஸ்ட்ராங்னு கேள்விப்பட்டேன். கான்ஃபிடென்ஷியல். எல்லா டீம் மார்க்கும் இதுல இருக்கு. டீமுக்குப் பத்து பர்சென்ட் எடுத்து லிஸ்ட் போட்டு, நாளைக் காலைல ஷேர்டு டிரைவ்ல வெச்சிடுங்க."

விசிபிலிட்டி வந்துவிட்டது.

அன்று ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து செய்தேன். எங்கள் டீமில் பதினாலு பேர். பத்து சதவீதம் என்றால் 1.4 ஆள். பி.காம். படித்தவனுக்கு 1.4 என்பது வெறும் எண்ணிக்கை. ஆனால் மனுஷனை 0.4 ஆக வெட்ட முடியாது. எக்செல்லில் இதற்கு இரண்டு ஃபார்முலா இருக்கிறது. 'ரவுண்ட்' போட்டால் 1.4 ஒன்றாகிவிடும். 'ரவுண்டப்' போட்டால் இரண்டாகிவிடும்.

எதைப் போடுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை. குறைவாகக் கொடுத்தால் கேள்வி கேட்பார்கள், கூடுதலாகக் கொடுத்தால் கேட்கமாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. ரவுண்டப் போட்டேன்.

எங்கள் டீமில் இரண்டு பெயர் வந்தது. முதல் பெயர், ஆறு மாதமாக வேறு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பையன். இரண்டாவது, பக்கத்து சீட் சார். மீட்டிங்குக்கு வராததால் 'பார்ட்டிசிபேஷன்' என்ற கட்டத்தில் அவருக்கு மார்க் பூஜ்யம்.

அந்தத் திரையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ரவுண்டப்பில் இருக்கும் 'அப்'பை எடுத்துவிட்டால் போதும். இங்கிலீஷில் இரண்டே எழுத்து. அவர் பெயர் காணாமல் போய்விடும். ஆனால் மற்ற டீம்களிலும் எண்ணிக்கை குறையும். மொத்தம் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். யார் போட்டது என்று கேட்பார்கள். எனக்கு வீட்டு லோன் எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

சேவ் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து அவரைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தார். பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். மணி பன்னிரண்டரை. "சாப்பிட்டுட்டே போயிடறேனே" என்றார். டிபன் பாக்ஸைத் திறந்து, எப்போதும்போலப் பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன். அடுத்த மாதமே நான் ராஜினாமா கொடுத்துவிட்டேன். பத்திரிகை ஆசையில் வேலையை விட்டேன் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை.

---

இதை எல்லாம் வளவில் சொல்லவில்லை. ஐயா கதையைச் சொன்னேன்.

"குறைத்தார்கள் தம்பி. 1930-ல் நெல் விலை சரிந்தபோது பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. நிலம் கைமாறியது. அதுவரை அங்கே செட்டியார்கள் பெரும்பாலும் பணம்தான் கொடுத்தார்கள், நிலம் அதிகம் வைத்துக்கொள்ளவில்லை. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938-ல் இருபத்தைந்து பங்கு. அவர்கள் ஆசைப்பட்டது பணம், வந்தது சேறு. உழுதவனுக்கு அதுவும் போயிற்று."

என் ஐயா அப்போது பெகு பக்கத்தில் ஒரு கடையில் இருந்தார். இரண்டாவது கணக்கு. கையெழுத்து நன்றாக இருந்ததால் பேரேடு எழுத விட்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு பர்மாக்காரர் வந்து, நிலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். மேலாள் சொல்ல, ஐயா அவர் பேருக்கு நேராக வரவு எழுதி, கணக்கை முடித்து, அடியில் கோடு போட்டார். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, சத்தம் இல்லை.

1938-ல் மூன்றாவது கணக்கை முடித்து ஊர் வந்த ஐயா, திரும்பிப் போகவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்து, ஜனங்கள் காடு மலையாக நடந்துவந்ததையும், 1948-ல் பர்மா அரசாங்கம் நிலத்தைத் தேச உடைமையாக்கச் சட்டம் போட்டதையும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரில் படித்தார். கடைசிக் காலத்தில் முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு மறந்துபோகும். அந்த பர்மாக்காரர் பெயர் மறக்கவில்லை. அந்தக் கணக்கில் எத்தனை அணா பாக்கி என்பதும் மறக்கவில்லை.

"கணக்கு தப்பாய்யா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. அதுதான்டா ஒறங்க விடமாட்டேங்குது" என்றார்.

வளவில் யாரும் கை தட்டவில்லை. ஃபெசிலிட்டேட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சோ... வாட்ஸ் த டேக்அவே, சார்?" என்றார்.

"டேக்அவேக்கு வெள்ளைப் பணியாரம் கட்டித் தர்றாங்களாம்" என்றேன். எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தோம்.

கவுனி அரிசி இனிப்புக்கு வரிசையில் நிற்கும்போது, தூணுக்குப் பின்னாலிருந்த பையன் பக்கத்தில் வந்தான்.

"சார், திங்கட்கிழமை நான் ஒரு லிஸ்ட் அனுப்பணும்."

"உன் டீம்ல எத்தனை பேர்?"

"பதிமூணு."

1.3 என்று என் மனசு போட்டது. "ஃபார்முலா யாருப்பா போடுறது?"

"நான்தான் சார்."

அவனைத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய், மேலே நான் உங்களுக்குச் சொன்ன தயிர்சாதக் கதையைச் சொன்னேன். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக ஒருவரிடம் சொல்கிறேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது.

---

அன்று ராத்திரி ஊர் வீட்டில் தூக்கம் வரவில்லை. சாரின் நம்பர் என்னிடம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அவர் வாட்ஸ்அப்பில் கரும்பு படம் அனுப்புவார், நான் பானை படம் அனுப்புவேன். காலையில் கூப்பிட்டேன்.

"யாரு? தூணா? என்னடா இவ்வளவு காலங்காத்தால?" என்றார். வயசு அறுபத்தெட்டு, குரல் அப்படியே இருந்தது. ஒரு அபார்ட்மென்ட் சங்கத்துக்கு இலவசமாகக் கணக்கு எழுதுகிறாராம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிறதாம். செயலாளர்தான் டேலி ஆகவில்லையாம்.

சுற்றி வளைத்து, குரல் கம்மி, எப்படியோ சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும்டா" என்றார்.

"என்ன சார் தெரியும்?"

"ஷேர்டு டிரைவ்ல திறந்து போட்டுட்டுப் போயிருந்தியே. மறுநாள் காலைலயே பார்த்தேன். கடைசியா சேவ் பண்ணினது உன் பேரு. ஃபார்முலாவையும் தட்டிப் பார்த்தேன். ரவுண்டப் போட்டிருந்தே."

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

"மூணு வருஷம் படிச்சுப் படிச்சு சொன்னேன், சம்பள ஃபைலுக்கு பாஸ்வேர்டு போடுன்னு. அதைக்கூடப் போடலையேன்னுதான் எனக்கு வருத்தம்."

"சார்... பத்து நாள் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கடைசி நாள்கூடப் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏன் சார் ஒரு வார்த்தை கேட்கலை?"

"கேட்டிருந்தா உனக்கு அன்னிக்குச் சாதம் இறங்கியிருக்காதே" என்றார்.